முடிச்சில் நின்ற பாக்கி

கிடங்குக்காரர் ஒரு கயிற்றில் சில முடிச்சுகளை அவிழ்க்கிறார். வேறோர் இடத்தில் சில முடிச்சுகளைப் போடுகிறார். எதிரே நிற்கும் ஸ்பானியச் சிப்பாய்களுக்கு அவர் செய்வது என்னவென்று புரியவில்லை. புரிந்துகொள்ளும் அவசரமும் இல்லை. கேட்ட விறகு வந்துவிட்டது. மக்காச்சோளம், லாமா என்கிற சுமை விலங்குகள், சிச்சா என்கிற மக்காச்சோளக் கள் எல்லாம் வந்து இறங்கிவிட்டன.

இது நடந்தது 1533ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெருவின் மலைப்பாதையில். பச்சகாமாக் கோயிலின் தங்கத்தை அள்ளிவரப் புறப்பட்டவன் எர்னாண்டோ பிசாரோ. படைத்தலைவன் பிரான்சிஸ்கோ பிசாரோவின் தம்பி. அந்த ஆண்டு நவம்பரில் சாந்தோ டொமிங்கோவிலிருந்த அரச நீதிமன்றத்துக்கு அவன் எழுதிய நீண்ட கடிதத்தில், தங்கத்துக்கும் சாலைகளுக்கும் நடுவே, இந்த முடிச்சு விவகாரத்தையும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறான். எங்களுக்குச் சுமைகள் கொண்டுவந்தபோதெல்லாம் பொறுப்பாளர்கள் முடிச்சுகளை அவிழ்த்து, இன்னோரிடத்தில் முடிந்தார்கள் என்று.

நான் 22 வருடங்களாகத் தணிக்கை வேலை பார்ப்பவன். என் வாழ்நாளில் பாதி, கிடங்குகளில் மூட்டை எண்ணுவதில் கழிந்திருக்கிறது. இருப்புப் புத்தகம் ஒன்று சொல்லும், மூட்டைகள் வேறொன்று சொல்லும். நடுவில் கிடங்குப் பொறுப்பாளர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எர்னாண்டோவின் அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அந்த மனிதர் இருப்பில் கழித்துச் செலவில் வைக்கிறார். நாட்டின் அரசன் கைதியாகி ஏழெட்டு வாரம் ஆகிவிட்டது. கேட்கிறவன் கொள்ளைக்காரன். ஆனாலும் சரக்கு வெளியே போனால் பதிய வேண்டும், பதிந்துவிட்டார். என் தொழிலில் இப்படிப்பட்டவர்களைக் கும்பிடலாம் என்று தோன்றும்.

இன்கா பேரரசின் வீழ்ச்சி என்றால் பொதுவாக நமக்குச் சொல்லப்படும் கதை வேறு. 168 பேர் ஒரு பேரரசைச் சாய்த்தார்கள் என்பது அதன் சுருக்கம். எண்ணிக்கை உண்மைதான். 1532 நவம்பர் 16ஆம் தேதி கஹமார்க்கா சதுக்கத்தில் பிசாரோவிடம் இருந்தவர்கள் 168 பேர். அதில் 62 பேர் குதிரைவீரர்கள். இன்கா அரசன் அத்தாவால்பா பல்லக்கில் வருகிறான். அவனுடன் வந்த ஆயிரக்கணக்கானவர்களிடம் போருக்கான ஆயுதம் கிடையாது. வால்வெர்தே என்ற பாதிரியார் புத்தகம் ஒன்றை நீட்டுகிறார். எழுத்து என்பதே இல்லாத நாட்டின் அரசன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தரையில் எறிகிறான். பீரங்கி வெடிக்கிறது, குதிரைகள் பாய்கின்றன. பொழுது சாய்வதற்குள் சில ஆயிரம் பேர் செத்துக் கிடக்கிறார்கள். ஸ்பானியத் தரப்பில் ஒருவன்கூடச் சாகவில்லை. பிசாரோவுக்குக் கையில் காயம். அதுவும் அத்தாவால்பாவை உயிரோடு பிடிக்கும் தள்ளுமுள்ளில் அவனுடைய ஆளே போட்ட வெட்டு.

பிறகு நடந்தது, ஒரு தணிக்கையாளன் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். விடுதலைக்கு ஈடாக ஓர் அறை நிறையத் தங்கமும், அதேபோல் இரண்டு மடங்கு வெள்ளியும் தருவதாக அத்தாவால்பா ஒப்புக்கொள்கிறான். அறை 22 அடி நீளம், 17 அடி அகலம். உயரம், ஓர் ஆள் கையை உயர்த்தினால் எட்டும் அளவுக்குச் சுவரில் இழுத்த கோடு. மாதக்கணக்கில் நாடெங்கிலுமிருந்து பாத்திரங்களும் சிலைகளும் கோயில் சுவர்த் தகடுகளும் வந்து குவிகின்றன. எல்லாவற்றையும் உருக்கிக் கட்டியாக்குகிறார்கள். ஆறு டன் தங்கம், பதினொரு டன்னுக்கு மேல் வெள்ளி. ஸ்பெயின் அரசருக்கு ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. ஒரு குதிரைவீரனின் பங்கு 8,880 பெசோ தங்கமும் 362 மார்க் வெள்ளியும். காலாட்படையினருக்கு அதில் ஏறத்தாழப் பாதி. எல்லாம் எழுத்தரின் கையெழுத்தோடு, பெயர்வாரியாக. கொள்ளையடித்ததை இவ்வளவு சுத்தமாகப் பங்கு போட்ட கணக்கை நான் பார்த்ததில்லை. எந்தப் பாத்திரம் யார் செய்தது, எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்ற ஒரு வரி மட்டும் அதில் கிடையாது. உலைக்குப் போனபின் எல்லாம் எடை. ஈடு வாங்கிக்கொண்டு, 1533 ஜூலையில் அத்தாவால்பாவின் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள்.

ஆக, ஒரே ஆண்டில், ஒரே நாட்டில் இரண்டு கணக்குகள் எழுதப்பட்டன. ஒன்று காகிதத்தில், மற்றது கயிற்றில். முதலாவதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நான் எழுத வந்தது இரண்டாவதைப் பற்றி.

அந்தக் கயிற்றுக்குக் கிப்பு என்று பெயர். கெச்சுவா மொழியில் முடிச்சு என்றே பொருள். கிடையாக ஒரு தடித்த கயிறு. அதிலிருந்து தோரணம்போல வரிசையாகத் தொங்கும் மெல்லிய கயிறுகள். பெரும்பாலும் பருத்தி, சில அல்பாகா, லாமா ரோமம். இதை முடியவும் படிக்கவும் பயின்றவருக்குக் கிப்புகாமாயோக் என்று பட்டம். எண்கள் நம்முடையதைப் போலவே பத்தின் அடுக்கில்தான் அமைகின்றன என்பதை லேலண்ட் லாக் என்ற அமெரிக்கர் 1912இல் எடுத்துக்காட்டினார்.

படித்தால் மட்டும் போதாது, முடிந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் வெள்ளைப் பருத்தி நூல்கண்டு வாங்கிவந்து, கூடத்தில் தரையில் உட்கார்ந்து, வீட்டின் ஒரு மாதச் செலவை முடிச்சாகப் போட ஆரம்பித்தேன். மளிகை 6,815 ரூபாய். கயிற்றின் மேல்பகுதி ஆயிரத்துக்கு உரிய இடம். அங்கே ஆறு தனி முடிச்சுகள் நெருக்கமாக. கொஞ்சம் இடைவெளி விட்டு நூறின் இடத்தில் எட்டு. இன்னும் கீழே பத்தின் இடத்தில் ஒன்று. கடைசியில் ஒன்றின் இடம். இங்கே முடிச்சின் வகையே மாறுகிறது. ஐந்துக்கு ஐந்து முடிச்சு போடக் கூடாது. நூலை ஐந்து சுற்றுச் சுற்றி இழுத்து, நீளமான ஒரே முடிச்சாக்க வேண்டும். இதில்தான் என் விரல்கள் தகராறு செய்தன. இழுக்கும்போது சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. நாலாவது முயற்சியில்தான் ஐந்து சுற்றும் அடுக்கிய வளையல்போல ஒழுங்காகப் படிந்தன.

ஏன் இந்த வேறுபாடு? நீள முடிச்சைக் கண்டால் எண் இங்கே முடிகிறது என்று பொருள். அதற்குக் கீழே இன்னொன்று தொடங்கினால் அது புதிய எண். இன்னொரு கயிற்றில் எனக்கு ஒன்றில் முடிகிற தொகை வந்தது. ஒரே ஒரு சுற்றுச் சுற்றினால் அது சாதாரண முடிச்சைப்போலவே ஆகிவிடும், பத்தா ஒன்றா என்று குழப்பம் வரும். அதற்காக ஒன்றுக்கு மட்டும் எட்டு வடிவில் தனியாக ஒரு முடிச்சு வைத்திருக்கிறார்கள். பூஜ்யத்துக்கு முடிச்சே இல்லை, வெறும் இடம். கடைசியாக எல்லாத் தொகையையும் கூட்டி, மேல்நோக்கிப் போகும் ஒரு கயிற்றில் மொத்தம் போட வேண்டும். போட்டேன். சரியாக வந்தது. அசல் கிப்புகள் சிலவற்றிலும் இப்படி மொத்தக் கயிறு இருக்கிறது.

நான்கு கயிறு முடிக்க ஒன்றேகால் மணி நேரம். அம்மா பார்த்துவிட்டு, "முந்தானையில் முடிந்தாலாவது உள்ளே காசு இருக்கும்" என்றார்.

தவறு செய்தால் தெரிந்துவிடும் என்பதையும் அன்று கண்டுகொண்டேன். ஒருமுறை முடிந்து அவிழ்த்த இடத்தில் நூல் நெளிந்து நிற்கிறது. தணிக்கைக்குப் போகும் இடங்களில் வெள்ளைத் திரவம் பூசித் திருத்திய பேரேடுகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். நூலில் அந்தத் தந்திரம் எடுபடாது.

மறுபடியும் பெருவுக்கு. 168 பேர் கதையில் எனக்கு ஒரு கேள்வி எப்போதும் உண்டு. இவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? குதிரைக்குத் தீவனம், ஆளுக்கு உணவு, சுமை தூக்க ஆள், பனிக்குப் போர்வை. கடலைத் தாண்டி வந்த சிறு கும்பல், முன்பின் தெரியாத மலையில், மாதக்கணக்கில் யார் தயவில் நடந்தது?

அரசியல் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசாரோ வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு பேரரசர் வைனா காபாக் இறந்துபோனார். அவரைக் கொண்டுபோனது பெரியம்மை என்பது பலருடைய கருத்து. கப்பல்காரர்கள் நேரில் வருவதற்கு முன்பே அவர்களுடைய நோய் வந்துவிட்டது. பட்டத்துக்கு நின்றவனும் போய்ச்சேர, மற்ற இரு மகன்கள் வாஸ்காரும் அத்தாவால்பாவும் நாட்டை இரண்டாக்கிச் சண்டை போட்டார்கள். அத்தாவால்பா ஜெயித்த செய்தி வந்த கையோடு பிசாரோவும் வந்தான்.

அதைவிடப் பழைய கோபங்களும் நாட்டில் இருந்தன. இன்காக்கள் நான்கு திசை நாடுகளையும் வென்று ஒன்றாக்கியவர்கள். வெல்லப்பட்டவர்கள் அதை மறந்துவிடவில்லை. மந்தாரோ பள்ளத்தாக்கின் வான்கா மக்கள் அவர்களில் ஒரு சாரார். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பு இன்காக்களிடம் தோற்றவர்கள். அவர்களுடைய நிலத்தில் ஹௌஹா என்ற இடத்தில் இன்காக்கள் பெரிய நிர்வாகத் தலைநகரைக் கட்டினார்கள். சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் வட்டமும் செவ்வகமுமாக வரிசை வரிசையாகக் கல் கிடங்குகள். அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல். இன்றும் அவற்றின் அடித்தளங்களைப் பார்க்கலாம். கீழே வயலில் குனிந்து நாற்று பார்க்கிற வான்கா விவசாயி நிமிர்ந்தால், தான் விளைத்த சோளம் யாருடைய பெயரிலோ மேலே அடுக்கியிருப்பது தெரியும். அந்த நிமிர்வில் என்ன நினைத்திருப்பான் என்று ஊகிக்க வரலாற்று ஆசிரியர் தேவையில்லை.

1533 அக்டோபரில் ஸ்பானியர்கள் ஹௌஹாவுக்குள் நுழைந்தபோது, அங்கே இருந்த அத்தாவால்பாவின் படை பின்வாங்கிக்கொண்டே கிடங்குகளுக்குத் தீ வைக்கப் பார்த்தது. வான்கா மக்கள் தெருவுக்கு வந்து புதியவர்களை வரவேற்றார்கள். உணவு கொடுத்தார்கள், சுமைக்காரர்கள் கொடுத்தார்கள், போர்வீரர்கள் கொடுத்தார்கள். கொடுத்த ஒவ்வொன்றையும் முடிந்து வைத்தார்கள்.

இதைச் சொன்னால் நண்பர் ஒருவர் உடனே, "அப்படியானால் காட்டிக்கொடுத்த கூட்டம்தானே" என்றார். யாரை யாரிடம் காட்டிக்கொடுத்தார்கள்? 'அமெரிக்க இந்தியர்' என்ற ஒரே இனம் அன்று ஸ்பானியர்களின் தலையில் மட்டுமே இருந்தது. வான்காவுக்கு இன்கா அந்நியன், ஸ்பானியனும் அந்நியன். பழைய அந்நியனை ஒழிக்கப் புதிய அந்நியன் பயன்படுவான் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு தப்பிவிட்டது, அவ்வளவுதான். மெக்சிகோவில் அஸ்டெக்குகளுக்கு எதிராக ஸ்பானியத் தளபதி கோர்த்தேசோடு சேர்ந்த த்லாஷ்காலா மக்களும் இதே கணக்கைப் போட்டவர்கள்தான்.

1536இல், ஸ்பானியர்களே அரியணையில் வைத்த மாங்கோ இன்கா கிளர்ந்தெழுந்து இன்காக்களின் பழைய தலைநகர் குஸ்கோவை முற்றுகையிட்டபோது, இன்காப் படையின் ஒரு பிரிவு ஸ்பானியர்களின் புதிய தலைநகர் லிமாவையும் தாக்கியது. அந்தச் சண்டையில் இறந்தவர்கள் என்று கருதப்படும் எலும்புக்கூடுகள் லிமாவுக்கு அருகே புருச்சூக்கோவில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. துப்பாக்கிக் குண்டு துளைத்த ஒரு மண்டையோடு 2007இல் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. ஆனால் காயம்பட்ட எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது கல் ஆயுதத்தின் அடி. அடித்தவர்கள் ஸ்பானியர்களின் பக்கம் நின்ற உள்நாட்டுக்காரர்கள். அந்தச் செய்தி தலைப்புக்கு வரவில்லை.

இனி, இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர். பெயர் பெத்ரோ சியேசா தி லெயோன். பதின்பருவத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய சிப்பாய். போகும் இடமெல்லாம் எழுதிக்கொண்டே போனவர். கயிற்றில் கணக்கு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவர் நம்பவில்லை. கட்டுக்கதை என்றே நினைத்தார். ஹௌஹா பள்ளத்தாக்கின் தலைவரிடம் எனக்குப் புரியும்படி காட்டுங்கள் என்று கேட்டார். தலைவர் ஆள் அனுப்பிக் கிப்புகளைக் கொண்டுவரச் சொன்னார். உட்கார்ந்து, கயிறு கயிறாக விளக்கினார். பிசாரோ இந்தப் பள்ளத்தாக்கில் கால்வைத்த நாளிலிருந்து ஸ்பானியர்களுக்குக் கொடுத்த தங்கம், வெள்ளி, துணி, மக்காச்சோளம், ஆடுகள் என்று ஒன்றுவிடாமல் இருந்தது. ஆடுகள் என்றால் லாமாக்கள். ஸ்பானியர்கள் அந்தப் பிராணியை ஆடு என்றே அழைத்தார்கள். உண்மையிலேயே மலைத்துப்போனேன் என்று சியேசா எழுதுகிறார்.

அவர் சொல்லும் இன்னொரு தகவல் எனக்கு இன்னும் பெரிது. படைகள் ஒரு பள்ளத்தாக்கைக் கடந்து போனபின், தலைவர்கள் எல்லோரும் கிப்புகளோடு கூடுவார்களாம். யாருடைய ஊர் அதிகம் இழந்தது, யாருடையது குறைவாக இழந்தது என்று ஒப்பிட்டு, குறைவாக இழந்தவர்கள் அதிகம் இழந்தவர்களுக்குக் கொடுத்துச் சமன் செய்துகொள்வார்களாம். எரிகிற வீட்டில் பிடுங்கியவரை லாபம் என்று திரிகிற படை ஒரு பக்கம். அது போன மறுநாள் நஷ்டத்தைப் பங்கு போட உட்காரும் சபை மறுபக்கம். நான் பார்த்த எத்தனையோ கூட்டுப் பங்கு நிறுவனங்களில் லாபத்தைப் பங்கிடக் கூடுவார்கள். நஷ்டத்தைப் பங்கிடும் கூட்டத்துக்கு ஆள் சேராது.

கிடங்கு நிர்வாகமும் உடனே சாகவில்லை. அத்தாவால்பா செத்துப் பதினான்கு பதினைந்து ஆண்டுகள் கழித்து, பிசாரோவின் இன்னொரு தம்பியான கலகக்காரன் கொன்சாலோ பிசாரோவை அடக்க ஸ்பெயின் அரசர் அனுப்பிய லா காஸ்காவின் படை ஹௌஹாவில் ஏழு வாரம் தங்கியது. அப்போதும் அங்கே ஃபனேகா என்ற ஸ்பானிய முகத்தலளவையில் 15,000க்கு மேல் தானியம் இருந்தது என்று உடனிருந்த சட்டவல்லுநர் போலோ தி ஒந்தேகார்தோ எழுதுகிறார். பல நூறு டன். அதில் சில ஆண்டுப் பழைய சரக்கும் உண்டு. கேட்க அரசு இல்லை, ஆனாலும் நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பழக்கமா, பயமா, இல்லை கணக்கு வளரட்டும் என்ற எண்ணமா?

எனக்கு மூன்றாவதன் மேல்தான் சந்தேகம். ஏனென்றால் அவர்கள் பில்லை நீட்டினார்கள்.

1558 முதல் 1561 வரை வான்கா, ஹௌஹா தலைவர்கள் லிமா அரச நீதிமன்றத்தில் மனு மேல் மனு போட்டார்கள். பிரான்சிஸ்கோ குசிசாக்கா ஒருவர், ஹெரோனிமோ குவாக்ராபௌக்கார் மற்றொருவர். பெயரின் முன்பாதி ஞானஸ்நானத்தில் வந்தது, பின்பாதி பாட்டன் வழியில் வந்தது. கிப்புகாமாயோக்குகள் நீதிமன்றத்துக்கு வந்து கயிற்றைத் தடவித் தடவி வாசிக்க, மொழிபெயர்ப்பாளர் ஸ்பானியத்தில் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டார். கஹமார்க்காவில் பிசாரோவுக்கு அனுப்பியது தொடங்கி, 1554இல் எர்னாந்தேஸ் ஹிரோனின் கலகத்தை அடக்கப் போன படைக்குக் கொடுத்தது வரை, இருபது ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கு. லாமா, கம்பளி, மக்காச்சோளம், கினோவா, உருளைக்கிழங்கு, செருப்பு, பானை, விறகு, வைக்கோல், மீன், கௌதாரி. போருக்குப் போனவர்கள் எத்தனை பேர், அதில் திரும்பாதவர்கள் எத்தனை பேர். தந்தது தனியாக, படையினர் பறித்துக்கொண்டது தனியாக.

அந்தக் கடைசிப் பிரிப்பைக் கவனியுங்கள். விற்றதும் திருட்டுப்போனதும் ஒரே தலைப்பின்கீழ் வரக் கூடாது என்று இன்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் நூலில் செய்திருக்கிறார்கள்.

அந்த நாளின் ஸ்பானிய நீதிமன்றம் கிப்பு வாசிப்பைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது என்பது வியப்பாக இருக்கலாம். ஏற்றுக்கொண்டார்கள். அதே மனிதர்களின் திருச்சபை, 1583இல் லிமா பேரவையில், பழைய மதத்தோடு தொடர்புள்ள கிப்புகளை எரிக்கச் சொன்னது. வரிக்கணக்குக்கு ஆகும், சாமிக்கு ஆகாது.

மனுவுக்குப் பலன்? ஹெரோனிமோவின் மகன் பெலிப்பே ஸ்பெயினுக்கே கப்பலேறிப் போய் அரச சபையில் முறையிட்டார். கையில் கிடைத்தது மக்காச்சோளத்தின் விலை அல்ல, குடும்பத்துக்கு ஒரு குலச்சின்னமும் சில சலுகைகளும். அடுத்த பத்தாண்டில் வைஸ்ராய் தொலேதோ வந்தார். வான்காவின் ஆண்களும் முறைவைத்துச் சுரங்க வேலைக்கு அனுப்பப்பட்டார்கள், வான்காவலிக்காவின் பாதரசச் சுரங்கத்துக்கு. பாதரசம் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

லிமாவில் வாசித்ததை எழுதிக்கொண்ட காகிதங்கள் செவில் நகரின் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தன; பெருவின் வரலாற்றாளர் எஸ்பினோசா சொரியானோ 1971இல் அச்சில் கொண்டுவந்தார். வாசிக்கப்பட்ட கயிறுகள் இல்லை. காகிதமும் கயிறும் சேர்ந்து கிடைத்திருந்தால், ஒன்றை ஒன்றின்மேல் வைத்துப் படித்திருக்கலாம். உலகின் அருங்காட்சியகங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிப்புகள் இருக்கின்றன. எண்கள் பெரும்பாலும் படிக்க வருகின்றன. நிறத்துக்கும் முறுக்கின் திசைக்கும் பொருள் உண்டு என்று தெரிகிறது. இது லாமாவா, போர்வையா, செத்தவர்களா என்பது வருவதில்லை.

நான் முடிந்த கயிற்றை அலமாரியில் ஆணியடித்து மாட்டியிருந்தேன். போன வாரம் தூசி தட்டும்போது கையில் எடுத்துப் பார்த்தேன். நான்கும் வெள்ளைக் கயிறு. நிறம் மாற்றிப் போட அன்று தோன்றவில்லை. மூன்றாவது கயிற்றில் நூறின் இடத்தில் எட்டு, பத்தின் இடத்தில் ஏழு, கீழே ஓர் எட்டுவடிவ முடிச்சு. 871. தெளிவாக இருக்கிறது, சந்தேகமே இல்லை. மனைவி மருந்து என்கிறாள், அம்மா கேஸ் என்கிறார். எதற்குக் கொடுத்த 871 என்று எனக்கும் நினைவில்லை.